தோள்தான் அவர்களுக்குக் கால்

சக்கர நாற்காலி என்றதும் நம்மவர் மனத்தில் எழும் படம் ஆஸ்பத்திரி வராந்தா. உட்கார்ந்திருப்பவர் நோயாளி, பின்னால் தள்ளிக் கொண்டு போக ஓர் ஆள். அந்த நாற்காலியில் அமர்ந்தபடியே ஒருவர் பந்தைத் தட்டிக் கொண்டு பாய்ந்து வருகிறார், எதிரியின் நாற்காலியோடு மோதுகிறார், கவிழ்கிறார், தரையில் ஒரு கையை ஊன்றி நாற்காலியோடு தம்மை நிமிர்த்திக் கொண்டு மறுபடியும் ஓடுகிறார் என்றால் எளிதில் நம்ப மாட்டார்கள். சக்கர நாற்காலிக் கூடைப்பந்து என்பது அதுதான். திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்களில் இந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் சொற்பமாகவே இருப்பர். பார்த்தவர்களிலும் பலர் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை. ஆடுகிறவரின் கால்களைப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்று பெருமூச்சு விட்டு, கைதட்டிவிட்டு வந்து விடுகிறார்கள்.

இரக்கத்தால் தட்டும் கை, பந்து கூடையில் விழுந்தாலும் தட்டும், விழாவிட்டாலும் தட்டும். அதில் ஒரு விளையாட்டு வீரருக்கு என்ன மரியாதை இருக்கிறது? இந்த ஆட்டம் கேட்கும் உடல் வலு சாதாரணமானதல்ல. அந்த வலுவைத் தேடிக் கொள்ள இடமும் கருவியும் பயிற்சியும் தருவதுதான் மரியாதை. சாரத்தின் மீதும் தென்னையின் மீதும் ஏறிப் பிழைக்கும் தமிழர் இத்தனை பேர் உள்ள ஊரில் இது யாரோ எவரோ சம்பந்தப்பட்ட காரியமும் அல்ல.

பாதி உடம்பு, முழு மைதானம்

ஆட்டத்தின் சட்டதிட்டங்களைச் சற்றுப் பார்த்தால் விஷயம் விளங்கும். நின்று ஆடுகிறவர்களுக்கு உள்ள அதே மைதானம்: 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். அதே பந்து. கூடையின் உயரமும் அதே 3.05 மீட்டர், அதாவது பத்து அடி. உட்கார்ந்து ஆடுகிறார்களே என்று ஓர் அங்குலம்கூட இறக்கித் தரவில்லை. பத்துப் பத்து நிமிடமாக நான்கு பகுதி. பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். பந்தை மடியில் வைத்துக் கொண்டு சக்கரத்தை இரண்டு முறை தள்ளலாம். அதற்கு மேல் தள்ளுவதென்றால் பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். இருக்கையை விட்டு எழும்பி எறிந்தால் தண்டனை உண்டு.

நின்று ஆடுபவர் பந்தை எறியும்போது அந்த வலு எங்கிருந்து வருகிறது? கையிலிருந்து என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் அது கணுக்காலில் கிளம்பி, முழங்காலில் சேர்ந்து, இடுப்பு வழியாக ஏறி, தோளுக்கு வந்து, விரல் நுனியில் முடிகிறது. உட்கார்ந்து ஆடுபவருக்கு அந்தப் படிக்கட்டின் கீழ்ப்பாதி கிடையாது. எறியும் உயரமும் குறைவு. அதே பந்தை, அதே கூடைக்கு, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் மட்டுமே அனுப்ப வேண்டும். அப்படி எறியும் கையோ சும்மா இருந்த கையன்று. ஒரு நிமிடத்துக்கு முன்னால் அதே கைதான் சக்கரத்தை உருட்டிக் கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்தது; அதே கைதான் சக்கரத்தை இறுக்கிப் பிடித்து வண்டியை நிறுத்தித் திருப்பியது. நின்று ஆடுபவருக்கு ஓடக் கால், எறியக் கை என்று வேலைப் பிரிவு இருக்கிறது. இவருக்கு எல்லாம் ஒரே கணக்கில் பற்று எழுதப்படுகிறது.

ஆடுகிறவர் எல்லோரும் ஒரே வகை உடல் நிலையினரும் அல்லர். சிலருக்கு முதுகுத் தண்டு மேலே அடிபட்டு வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் வேலை செய்யாது. முன்னே குனிந்தால் கையை ஊன்றித்தான் நிமிர முடியும். சிலர் ஒரு காலை மட்டும் இழந்தவர்கள். அவர்களுடைய இடுப்பும் முதுகும் முழு வலுவோடு இருக்கும். ஆகவே ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை ஒரு புள்ளி வழங்குகிறார்கள். வலு குறைந்தவருக்குக் குறைந்த புள்ளி. களத்தில் நிற்கும் ஐவரின் புள்ளிகளைக் கூட்டினால் 14-க்கு மேல் போகக் கூடாது. இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வலுவுள்ள ஐவரை மட்டும் பொறுக்கிக் கொண்டு எந்த அணியும் களத்தில் இறங்க முடியாது. ஒரு புள்ளிக்காரர் அணிக்குத் தேவைப்படுகிறார். அவர் அதிகம் கூடை போடுவதில்லை. எதிரியின் பாதையில் தம் நாற்காலியைக் கொண்டு போய் நிறுத்தி, தம் பக்கத்து உயரமான ஆளுக்கு வழி திறந்து விடுகிறார். அந்த இடத்துக்கு எதிரியை முந்திக் கொண்டு போய்ச் சேர அவருக்கு வேண்டியதும் தோள் வலுதான். நம் அலுவலகங்களில் ஆட்களை எடைபோடும் முறை இந்த அளவுக்கு நியாயமாக இருந்தால் பலருடைய மனக்குறை தீர்ந்து விடும்.

சாரத்திலிருந்து நாற்காலிக்கு

இந்த ஆட்டம் பொழுது போகாமல் யாரோ கண்டுபிடித்ததல்ல. இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்டுத் திரும்பிய வீரர்கள் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரிகளில் 1940-களின் நடுவில் ஆடத் தொடங்கியது இது. அதே காலத்தில் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற இடத்து ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மான் என்ற டாக்டர் இருந்தார். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர். 1944-இல் அவர் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் சீக்கிரமே இறந்து விடுவார் என்பதுதான் வைத்திய உலகின் முடிவு. குட்மான் அவர்களைப் படுக்கையிலிருந்து கிளப்பினார். கையில் பந்தைக் கொடுத்தார், வில்லைக் கொடுத்தார். விளையாட்டு அவருக்குக் கேளிக்கை அல்ல, மருந்து. 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள், அவருடைய ஆஸ்பத்திரித் திடலில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். அந்த விதைதான் 1960-இல் ரோம் நகரில் பாராலிம்பிக்காக முளைத்தது. சக்கர நாற்காலிக் கூடைப்பந்து அந்த முதல் போட்டியிலேயே இருந்தது.

அங்கே போர் செய்த வேலையை இங்கே சாரமும் மரமும் சாலையும் செய்கின்றன. இந்தியாவில் தண்டுவடம் அடிபடுவதற்கு உயரத்திலிருந்து விழுதலும் சாலை விபத்துமே முதன்மையான காரணங்கள். கேரளத்தில் கட்டடம் கட்டவும், சுவருக்குச் சாயம் பூசவும், மரம் ஏறவும், கிணறு தூர் எடுக்கவும் நெல்லை, தென்காசி, குமரி மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது சாலைக் கடைத் தெருவிலும் தம்பானூர் பஸ் நிலையத்திலும் காலை வேளையில் நிற்பவர்களுக்குத் தெரியும். மூங்கில் சாரத்தில் ஒரு கயிறு தளர்ந்தால் போதும். வீட்டுக்குப் பணம் அனுப்பிக் கொண்டிருந்த மனிதர் ஒரே நொடியில் வீட்டாரின் கையை எதிர்பார்க்கும் மனிதராகி விடுகிறார்.

அப்படி விழுந்தவருக்கு அதன் பிறகு வாழ்க்கை என்பது பெரும்பாலும் தோள் வலுதான். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நடமாடுகிறவர்களுக்கு இது தோன்றுவதே இல்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற வேண்டுமா? இரு கைகளையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கழிவறை இருக்கைக்கு? அதே வேலை. ஆட்டோவில் ஏற? அதே வேலை. இவை போக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் கால் மணி, அரை மணிக்கு ஒரு முறை கைகளை ஊன்றிப் பிட்டத்தை இருக்கையை விட்டுத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அல்லது பக்கவாட்டில் நன்றாகச் சாய்ந்து கொடுக்க வேண்டும். இல்லையேல் உணர்வில்லாத தோலில் ரத்த ஓட்டம் நின்று புண் பிடிக்கும். அந்தப் புண் எலும்பு வரை போகும். உயிரையும் கொண்டு போகும். 60 கிலோ எடையுள்ளவர் தம் உடம்பை ஒரு நாளில் எத்தனை முறை தம் கையாலேயே தூக்குகிறார் என்று எண்ணிப் பாருங்கள். மூட்டை தூக்கும் தொழிலாளிக்காவது கூலி உண்டு.

கூடைப்பந்து ஆடி வளர்த்துக் கொண்ட தோளும் பிடிமானமும் மூச்சும் மைதானத்தோடு நின்று விடுவதில்லை. இருபது மீட்டர் தூரத்தை விரைந்து கடக்கப் பழகிய கை, பஸ் நிலையத்துச் சரிவில் வண்டியை ஏற்றும். கவிழ்ந்தால் எழுந்து பழகியவர், நடைபாதைப் பள்ளத்தில் கவிழ்ந்தாலும் யாராவது வருவார்களா என்று மணிக் கணக்கில் கிடக்க மாட்டார். 'முதலில் சோறும் பென்ஷனும் கொடுங்கள், பந்தாட்டம் பிறகு இருக்கட்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. சோறும் பென்ஷனும் வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அந்தச் சோற்றைத் தானே எடுத்துப் போட்டுச் சாப்பிடும் வலுவும் கூடவே வேண்டும். அதற்குத்தான் இந்தப் பந்து.

நம் பக்கத்தில் நடந்தவை

இதெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்ச் சங்கதி என்று ஒதுக்கி விடவும் முடியாது. கொச்சியில் பிறந்த மேரி வர்கீஸ் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இருந்தபோது 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். டாக்டர் பால் பிராண்டிடம் பயின்று, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு சென்று புனர்வாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்தார். 1966-இல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழுந்தது அவர் முயற்சியால். மலையாள மண்ணில் பிறந்தவர் தமிழ் மண்ணில் செய்த காரியம். இரு மாநிலத்தாரும் தயங்காமல் சொந்தம் கொண்டாடலாம்.

தென்காசியை அடுத்த ஆய்க்குடி, இங்குள்ள தமிழரில் பலருக்குச் சொந்த ஊர்ப் பக்கம். அந்த ஊர்க்காரர் எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வுக்காகப் பெங்களூர் சென்று, உடல் திறன் சோதனையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். 1981-இல் அவர் தொடங்கிய அமர் சேவா சங்கம் இன்று தண்டுவடம் அடிபட்டவர்கள் பலருக்குப் புகலிடம். 2020-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. செங்கோட்டை கணவாய்க்கு அந்தப் பக்கம் இப்படி ஓர் இடம் இருப்பது, இந்தப் பக்கம் விழுந்து கிடக்கும் தொழிலாளியின் வீட்டாருக்குத் தெரியாமல் போவதுதான் வேதனை.

கூடைப்பந்துக்கு வருவோம். நம் நாட்டில் இந்த ஆட்டத்துக்கு அமைப்பு உருவானது மிகவும் பிந்தி. அதற்குத் தலைநகராக விளங்குவது சென்னை. கைக்குழந்தையாக இருந்தபோதே போலியோவால் கால்களை இழந்த மாதவி லதா, ஆந்திரப் பகுதியிலிருந்து வந்து சென்னையில் வங்கி அதிகாரியாக இருந்தவர். முதுகெலும்பு வளைந்து நுரையீரலை நெருக்கத் தொடங்கியபோது அவரை மீட்டது நீரில் செய்த பயிற்சி. உடற்பயிற்சியின் அருமையைத் தம் உடம்பிலேயே கண்டவர். அவர் முன்னின்று நடத்தும் இந்தியச் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து சம்மேளனத்தின் முதல் தேசியப் போட்டி 2014-இல் சென்னையில்தான் நடந்தது. குட்மானின் திடலில் வில் எய்து 66 ஆண்டு கழித்து!

அந்தச் சம்மேளனம் ஆட்களைத் தேடிப் பிடிக்கும் பாட்டுக்கு ஓர் உதாரணம் போதும். 2019 ஆகஸ்டில் காஷ்மீரில் தொலைபேசியும் இன்டர்நெட்டும் நிறுத்தப்பட்டிருந்த நேரம். இந்திய மகளிர் அணிக்கான முகாம் சென்னையில். பாராமுல்லாவைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர் என்ற வீராங்கனைக்குச் செய்தி சொல்ல வழியில்லை. பயிற்சியாளர் லூயிஸ் ஜார்ஜ் ராணுவ வட்டாரத்தில் தமக்குத் தெரிந்தவரிடம் சொல்ல, போலீசார் அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சேதி சொல்லி, அவரைச் சென்னைக்கு வர வைத்தார்கள். அந்த ஆண்டு தாய்லாந்தில் பட்டாயாவில் நடந்த ஆசிய - ஓஷியானியா போட்டியில் அவர் இந்தியாவுக்காக ஆடினார். மாடியிலிருந்து விழுந்து கால் செயலிழந்தவர் அவர். காஷ்மீரத்துப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துக் கூட்டி வர முடிகிறது. பக்கத்துத் தெருவில் கட்டிலோடு கிடப்பவரை நம்மால் தேட முடியவில்லை.

என்றாலும் உண்மையைச் சொல்லி விட வேண்டும். 2024 பாரிஸ் பாராலிம்பிக்குக்கு இந்திய அணி தகுதி பெறவில்லை. அங்கே ஆடவர் தங்கம் அமெரிக்காவுக்கு, மகளிர் தங்கம் நெதர்லாந்துக்கு. நம்மவர் பின்தங்குவதற்கு உறுதிக் குறைவு காரணமன்று. அங்கே சிறு வயதிலேயே நல்ல நாற்காலியும் உள்ளரங்கமும் வாரந்தோறும் போட்டியும் கிடைக்கின்றன. இங்கே முகாம் நடக்கும் சில நாள் மட்டும் நல்ல நாற்காலி. மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலி. அந்தச் சில நாளில் தோள் வலு எங்கிருந்து வரும்?

தோளுக்கு ஒரு எச்சரிக்கை

வலு வேண்டும் என்றதும் இரும்பை எடுத்துத் தூக்கச் சொல்லும் பயிற்சியாளர்களிடம் இவர்களை ஒப்படைக்கவும் கூடாது. தோள் மூட்டு எட்டிப் பிடிப்பதற்காக அமைந்தது; உடம்பைச் சுமப்பதற்காக அமைந்ததல்ல. சக்கரத்தைத் தள்ளித் தள்ளி மார்புத் தசையும் முன்தோளும் முறுக்கேறி விடும். முதுகுப் பக்கத்துத் தசை பின்தங்கி விடும். தோள் முன்னே வளைந்து, மூட்டுக்குள் தசைநார் நசுங்கி, வலி தொடங்கும். நடப்பவருக்குத் தோள் வலித்தால் கையைக் கட்டித் தொங்க விட்டுக் கொண்டு ஓய்வு எடுக்கலாம். நாற்காலிக்காரருக்குத் தோள் வலித்தால் அவருடைய காலே போயிற்று என்று அர்த்தம்.

ஆகவே தள்ளுகிற பயிற்சிக்குச் சமமாக, சொல்லப் போனால் அதைவிடக் கூடுதலாக, இழுக்கிற பயிற்சி வேண்டும். அதற்கு வெளிநாட்டு யந்திரம் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்து, தோள் பட்டைகளைச் சேர்த்துப் பிடித்துப் பழகினாலே நல்ல தொடக்கம். மார்புத் தசையைத் தினமும் நீட்டி விட வேண்டும். பிடிமானத்துக்கு ரப்பர் பந்து. மூச்சுக்குத் தொடர்ந்து தள்ளுவதும், இடையிடையே வேகமாகப் பாய்ந்து ஓய்வதும். ஆட்டமே அப்படித்தானே நடக்கிறது: நாலு விநாடி பாய்ச்சல், சற்று நிதானம், மறுபடியும் பாய்ச்சல். முன்னேற்றத்தை அளக்க ஒரு ஸ்டாப் வாட்சும் அளவு நாடாவும் போதும். 5 மீட்டரையும் 20 மீட்டரையும் எத்தனை விநாடியில் கடக்கிறார், உட்கார்ந்தபடி பந்தை எவ்வளவு தூரம் எறிகிறார், வரிசையாக வைத்த கம்புகளுக்கிடையே எவ்வளவு விரைவாக வளைந்து வருகிறார் என்று மாதம் ஒரு முறை நோட்டில் எழுதி வைத்தால் ஆறு மாதத்தில் உண்மை தெரிந்து விடும்.

ஒவ்வொரு உடம்பும் வேறு என்பதையும் பயிற்சியாளர் அறிந்திருக்க வேண்டும். கழுத்துப் பகுதியில் அடிபட்டவருக்கு எவ்வளவு உழைத்தாலும் நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டாமல் நின்று விடுவதுண்டு. இருதயத்தை விரட்டும் நரம்புப் பாதை அங்கே அறுபட்டிருக்கும். நாடியை மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் அவரைச் சோம்பேறி என்று நினைத்து விடுவார். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்வையும் சரியாக வராது. வியர்க்காத உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றும்? திருவனந்தபுரத்தின் புழுக்கத்தில், மத்தியான வெயிலில், மூடிய கூடத்தில் அவரை ஆட விட்டால் உடம்பு கொதித்து மயங்கி விழுவார். காலையிலோ மாலையிலோதான் ஆட வேண்டும். மின்விசிறி ஓட வேண்டும். தண்ணீர் தெளிக்கும் பாட்டில் கையருகே இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இருக்கையில் அழுந்திய தோலைக் கண்ணாடி வைத்தாவது பார்த்துக் கொள்ள வேண்டும். ஒரு சிவப்புத் தடம் தெரிந்தால் அன்றைக்கு நாற்காலியைத் தொடக் கூடாது.

இந்த ஊரில் இல்லாதது என்ன?

நாற்காலி விஷயத்துக்கு வருவோம். ஆட்ட நாற்காலியின் இரு பெரிய சக்கரங்களும் நேராக நிற்காமல், அடியில் அகன்றும் மேலே ஒடுங்கியும் சாய்ந்திருக்கும்; சட்டென்று திரும்பவும், பக்கவாட்டில் கவிழாமலும் இருக்க அந்த ஏற்பாடு. பின்னால் கவிழாதபடி ஒரு சின்னச் சக்கரம். இடுப்பையும் காலையும் சேர்த்துக் கட்டப் பட்டை. ஆளின் அளவுக்குச் சட்டை தைப்பது போல் நாற்காலியும் அளவெடுத்துச் செய்ய வேண்டும். இறக்குமதி செய்தால் விலை லட்சக் கணக்கில். தினக்கூலிக்காரருக்கு அது எட்டாக் கனி.

ஆனால் இது எந்த ஊர் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1963-இல் தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவிய ஊர். 1990-இல் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் உள்நாட்டிலேயே செய்த இருதய வால்வை மனிதருக்குப் பொருத்திக் காட்டிய ஊர். இங்கே ஏறக்குறைய இருபது ஆண்டு உழைத்த ராமேஸ்வரத்துக்காரர் அப்துல் கலாம், பிறகு ஐதராபாத்தில் இருந்தபோது, ஏவுகணைக்கென உருவாக்கிய இலேசான பொருளைக் கொண்டு போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் கால் தாங்கிகள் செய்ய வைத்தார். கிலோக் கணக்கில் கனத்த தாங்கி சில நூறு கிராம் ஆயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யார் 2025-இல் 9 கிலோ எடையில் அன்றாடப் பயன்பாட்டுச் சக்கர நாற்காலியைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஆகவே ஆட்ட நாற்காலியை உள்நாட்டில் செய்வது வானத்தை வில்லாக வளைக்கும் வேலையன்று. நல்ல வெல்டரும் நல்ல அளவும் இருந்தால் கரமனையிலுள்ள ஒரு பட்டறைகூடத் தொடங்கி வைக்கலாம். நுட்பம் சொல்லித் தர ஆள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இடம்? கைப்பந்து வீரர் ஜிம்மி ஜார்ஜ் பெயரில் உள்ளரங்கம் இருக்கிறது. காரியவட்டத்தில் 1985-இல் தொடங்கிய லட்சுமிபாய் தேசிய உடற்பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பயிற்சியாளர்களை உருவாக்குவதே அதன் வேலை. மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தண்டுவடம் அடிபட்டு வீட்டில் கிடப்பவர்களை நாடிச் செல்லும் பாலியம் இந்தியா போன்ற வலி தணிப்பு அமைப்புகளும் இருக்கின்றன. கேரளம் இந்தத் துறையில் நாட்டுக்கே வழிகாட்டி. ஆளைக் கண்டுபிடிக்கிறவர்கள் ஒரு பக்கம், ஆளைப் பயிற்றுவிக்கத் தெரிந்தவர்கள் மறு பக்கம். இடையில் ஒரு வண்டியும் ஒரு சரிவுப் பாதையும் இருந்தால் இருவரும் சந்தித்து விடுவார்கள். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தபோதே, விளையாட்டில் அவர்கள் பங்கு கொள்ள அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தாயிற்று. பாக்கியிருப்பது காரியம்.

மரத் தளத்தில் சக்கரம் ஓடினால் கீறல் விழுமே என்று அரங்கக் காப்பாளர்கள் முணுமுணுக்கலாம். ரப்பர் டயர் தளத்தைக் கீறாது. கால்மிதிக் கம்பியின் விளிம்பில் ரப்பர் சுற்றி விட்டால் அந்தக் கவலையும் தீர்ந்தது.

தமிழர் செய்யக் கூடியது

பிற மாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. விழுந்த மறு வாரமே ஒப்பந்தக்காரர் ஒரு தொகையைக் கையில் திணித்து ஊருக்கு ரயில் ஏற்றி விடுவார். வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு நஷ்ட ஈடு பெறும் உரிமை 1923-ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே இருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மனு எழுதத் தெரியாது. ஊனச் சான்றிதழ், நாடு முழுவதும் செல்லும் யு.டி.ஐ.டி. அட்டை, இ.எஸ்.ஐ. இருந்தால் அதன் படிவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜன்னல், ஒவ்வொரு ஜன்னலிலும் மலையாளம் அல்லது ஆங்கிலம். இங்கே செக்ரடேரியட்டிலும் கணக்காயர் அலுவலகத்திலும் வங்கிகளிலும் குமாஸ்தாவாக இருக்கும் தமிழர்களுக்கு இந்தப் படிவங்கள் தண்ணீர் பட்ட பாடு. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும். மாதக் கூட்டங்களில் பட்டிமன்றம் நடத்தும் சங்கங்கள், ஆண்டுக்கு ஒரு முறை பட்டிமன்றச் செலவை மிச்சம் பிடித்தால் ஒரு நாற்காலி வாங்கலாம். நடுவர்கள் கோபித்துக் கொள்ள மாட்டார்கள்.

தொடங்க ஐந்து பேர் கூட வேண்டாம். மூன்று நாற்காலியும் ஒரு பந்தும் போதும். வாரத்தில் இரண்டு மாலை, மின்விசிறியுள்ள ஒரு கூடம், வாசலில் படிக்குப் பதில் சரிவு, நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிவறைக் கதவு. ஆடி முடித்ததும் ஆட்ட நாற்காலியை அங்கேயே வைத்து விட்டுத்தான் போவார்கள். அதற்கு ஓர் அறை வேண்டும். அறையின் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும், அவர் லீவில் போனால் யாரிடம் கொடுத்து விட்டுப் போவார் என்பதையும் முதல் நாளே எழுதி வைத்து விட வேண்டும்.